ஐந்து நாள் இலங்கைப் பயணம்: எதை விடுவது என்பதே முதல் முடிவு

பள்ளி விடுமுறை நெருங்கியதும் நம் குடும்பங்கள் பலவற்றில் இலங்கைப் பேச்சு தொடங்கிவிடுகிறது. திருச்சியில் விமானம் ஏறினால் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் கொழும்பு. மொழி நம்முடையது. உணவு நம் நாவுக்குப் பழகியது. வட்டிலப்பம் காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் எப்படியோ அப்படியே அங்கும். பள்ளிவாசல்களுக்கும் குறைவில்லை. ஆகவே வாப்பா, உம்மா, பிள்ளைகள், கூடவே மூத்தம்மா என்று ஏழெட்டுப் பேராகப் புறப்பட எண்ணுகிறார்கள். எண்ணம் நல்லதே. அதன் பிறகு பயண முகவர் ஒரு தாளை நீட்டுகிறார். பின்னவல, தம்புள்ளை, சீகிரியா, கண்டி, நுவரெலியா, எல்ல, காலி, கொழும்பு. ஐந்து நாட்களில் எட்டு இடங்கள். விலையும் மலிவாகத் தோன்றுகிறது. குடும்பத் தலைவர் மகிழ்ந்து முன்பணம் கட்டிவிடுகிறார்.

இந்தத் தாளைக் கிழித்துப் போடுங்கள் என்று சொல்வதற்கே இக்கட்டுரை. முதல் முறை, அதுவும் ஐந்து நாட்களுக்குச் செல்லும் ஒரு குடும்பம் ஒரே ஊரில் தங்கி, ஒரே ஒரு நோக்கத்தை வைத்துக்கொண்டு, மற்றவற்றை மனமறிந்து விட்டுவிட வேண்டும் என்பது என் கருத்து. அந்த ஊர் கண்டியாக இருக்கலாம் என்பேன்.

இலங்கை 65,610 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள தீவு. தமிழ்நாட்டில் ஏறத்தாழப் பாதி. வரைபடத்தில் பார்ப்பவருக்கு எல்லாம் கைக்கெட்டும் தொலைவில் இருப்பதாகத் தோன்றும். ஆனால் தீவின் நடுப்பகுதி மலை. அதன் உச்சமான பிதுருதலாகலை 2,524 மீட்டர் உயரம் கொண்டது. மலைநாட்டில் தொலைவைக் கிலோமீட்டரால் அளப்பதில் பொருளில்லை, மணியால்தான் அளக்க வேண்டும். கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து கண்டி ஏறத்தாழ நூற்றைந்து கிலோமீட்டர். மூன்று மணி நேரத்துக்குக் குறையாது. கண்டியிலிருந்து நுவரெலியா எண்பது கிலோமீட்டருக்கும் குறைவுதான், ஆனால் வளைந்து வளைந்து ஏறும் அந்தப் பாதைக்கு இரண்டரை முதல் மூன்று மணி நேரம் வேண்டும். பிள்ளைகளுக்குக் குமட்டினால் அதற்கும் மேல். எட்டு இடங்களையும் இப்படிக் கூட்டிப் பார்த்தால், என் கணக்கில், இருபது மணி நேரம் வேனுக்குள்ளேயே கழிந்துவிடுகிறது. முழங்கால் வலியுள்ள மூத்தம்மாவுக்கு அந்த இருபது மணி நேரம் என்னவாக இருக்கும் என்பதை முன்பணம் கட்டும்போது யாரும் நினைப்பதில்லை.

நம் பயணிகளில் முன்னோடியான ஒருவர் இத்தீவுக்கு வந்த வரலாறு இங்கே நினைவுகொள்ளத் தக்கது. இப்னு பதூதா 1344 ஆம் ஆண்டு மாலத்தீவிலிருந்து புறப்பட்டு, புத்தளம் பக்கமாகக் கரையேறினார். வடபகுதியை ஆண்ட ஆரியச்சக்கரவர்த்தி அவரை வரவேற்று, வேண்டியதைக் கேட்கும்படி கூறினார். முத்துக் குளிப்பில் செழித்த அந்த அரசரிடம் எதை வேண்டுமானாலும் கேட்டிருக்கலாம். ஆனால் அவர் தமக்கு வேண்டியது ஒன்றே என்றார்: ஆதம் (அலை) அவர்களின் பாதச்சுவடு உள்ளதாகச் சொல்லப்படும் மலையைக் காண வழி. அரசர் பல்லக்கும் ஆட்களும் கொடுத்து அனுப்பினார். இப்னு பதூதா வழியில் தேவேந்திரமுனை, காலி, கொழும்பு ஆகியவற்றையும் கண்டு எழுதினார் என்பது உண்மையே. எனினும் அவை அந்த ஒரு நோக்கத்தின் வழியில் வந்தவை. இங்கிருந்து கிளம்பி மஅபர் கரைக்கு, அதாவது நம் தமிழகக் கடற்கரைக்கு வந்து, மதுரை சுல்தானின் அவையை அடைந்தார் என்பதும் நமக்குச் சுவையான செய்தி. உலகம் சுற்றிய அந்த மனிதரே இத்தீவில் ஒரு நோக்கத்தைத்தான் கேட்டுப் பெற்றார்.

அந்த மலையைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும், ஏனெனில் நம் வீடுகளில் அது கட்டாயம் எழும். இலங்கை முஸ்லிம்கள் அதைப் பாவா ஆதம் மலை என்பர். பௌத்தர்களுக்கு ஸ்ரீ பாத, இந்துக்களுக்குச் சிவனொளிபாதம். 2,243 மீட்டர் உயரம், ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட படிகள், பெரும்பாலோர் நள்ளிரவில் ஏறத் தொடங்குவர். டிசம்பர் பௌர்ணமியில் தொடங்கி மே மாத வெசாக் பௌர்ணமி வரைதான் அதற்குரிய காலம். ஆதம் (அலை) அவர்கள் பூமிக்கு இறக்கப்பட்டதைக் குர்ஆன் கூறுகிறது, இறங்கிய இடத்தின் பெயரைக் கூறவில்லை. மக்கா, மதீனா, பைத்துல் முகத்தஸ் ஆகிய மூன்று பள்ளிகளைத் தவிர வேறெங்கும் வணக்கம் நாடிப் பயணம் மேற்கொள்ளக் கூடாது என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்களின் ஹதீஸ் உண்டு. எனவே இம்மலையை ஓர் இபாதத்தாகக் கருதி ஏற வேண்டியதில்லை. வலுவுள்ள இளைஞர்கள் இயற்கையைக் காண ஏறுவார்களானால் ஏறட்டும். அங்கே பக்தியோடு வரும் பிற சமயத்தவரை இகழும் சொல் ஒன்றும் வாயிலிருந்து வராமல் இருந்தால் போதும். முதியவர்களும் சிறுவர்களும் உள்ள முதல் பயணத்தில் இதை விட்டுவிடுவதே நல்லது.

கண்டியை ஏன் சொல்கிறேன்? மலைக்காற்று, ஏரி, பேராதனைப் பூங்கா ஆகியவை எல்லாரும் அறிந்தவை. நமக்கு அங்கே வேறொன்றும் உண்டு. 1626 இல் போர்த்துக்கீசியர் தங்கள் ஆட்சிப் பகுதியிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, கண்டி அரசர் செனரத் அவர்களுக்கு அடைக்கலம் தந்தார். ஆயிரக்கணக்கானோரைக் கிழக்குக் கரையில் குடியமர்த்தினார். மலைநாட்டில் தங்கியவர்கள் பொதிமாடுகளில் சரக்கேற்றி வணிகம் செய்தும், மருத்துவம் பார்த்தும் அரசரின் நம்பிக்கையைப் பெற்றார்கள். அக்குறணை, கம்பளை, மாவனல்லை ஆகிய ஊர்களில் இன்று நாம் காணும் முஸ்லிம் வாழ்வின் பின்னே இந்த வரலாறு இருக்கிறது. ஒரு பௌத்த அரசர் தம் நாட்டில் இடம் தந்த வரலாறு அது. பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் காட்ட, மீரா மக்காம் பள்ளிவாசலுக்கும் ஏரிக்கும் இடையே நடக்கும் ஒரு மாலைப்பொழுது போதும்.

கண்டியில் 1838 இல் பிறந்தவர் சித்திலெப்பை. வழக்கறிஞர். 1882 இல் 'முஸ்லிம் நேசன்' இதழைத் தொடங்கினார். 1885 இல் வெளிவந்த அவருடைய 'அசன்பே சரித்திரம்' தமிழின் தொடக்ககால நாவல்களுள் ஒன்று. தமிழ் நாவல் வரலாற்றைப் படிக்கும் நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இந்தப் பெயர் தெரியும்? அதே காலத்தில், எகிப்தில் ஆங்கிலேயரை எதிர்த்துப் போரிட்டுத் தோற்ற அராபி பாஷா 1883 இல் இத்தீவுக்கு நாடு கடத்தப்பட்டார். பதினெட்டு ஆண்டுகள் இங்கே வாழ்ந்தார். அவற்றில் பிற்பகுதி கண்டியில். அவரும் சித்திலெப்பையும் தந்த ஊக்கத்தில்தான் 1892 இல் கொழும்பு மருதானையில் ஸாஹிராக் கல்லூரியின் தொடக்கமான மதரஸா எழுந்தது. கண்டியில் அவர் வாழ்ந்த இல்லம் இன்று அவர் பெயர் தாங்கிய பண்பாட்டு நிலையமாக இருக்கிறது. ஒரு காலைப்பொழுதை அதற்குத் தரலாம். எகிப்தியத் தளபதியைக் கண்டிக்கு அனுப்பிய அதே பேரரசு, அதற்கு முன்பே கண்டியின் கடைசி அரசரை நம் வேலூர்க் கோட்டைக்கு அனுப்பியிருந்தது. அவர் அங்கேயே 1832 இல் இறந்தார். யானைச் சவாரிக்கு வரிசையில் நிற்பதைவிட இவை பிள்ளைகள் மனத்தில் நெடுநாள் தங்கும் என்பது என் நம்பிக்கை. பிள்ளைகள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள் என்பதும் தெரியும்.

இனி, முகவரின் தாளில் இடமே பெறாத ஒன்றுக்கு வருகிறேன். அதில் காலை உணவு உண்டு, மூலிகைத் தோட்டம் உண்டு, இரத்தினக் கடை உண்டு. லுஹர் இல்லை. தொழுகையைக் கிடைத்த இடைவெளியில் செருகிக்கொள்ளலாம் என்ற எண்ணத்தில்தான் நம்மில் பலர் புறப்படுகிறோம். ஆண்களுக்கு அது ஓரளவு நடந்தும் விடுகிறது. சாலையோரப் பள்ளிவாசல் ஒன்றைக் கண்டதும் வேனை நிறுத்தச் சொல்லி, பத்து நிமிடத்தில் தொழுது திரும்பிவிடுவார்கள். வேனிலேயே அமர்ந்திருக்கும் பெண்களின் நிலை என்ன? எல்லாப் பள்ளிவாசல்களிலும் பெண்களுக்கென இடம் இருப்பதில்லை. உளூச் செய்யவும் ஒதுங்கவும் வசதியில்லாமல், அடுத்த ஊர், அடுத்த ஊர் என்று தள்ளி, இரவு விடுதி சேர்ந்த பின் களாச் செய்கிறார்கள். ஐந்து நாளில் எட்டு இடம் என்ற திட்டத்தின் உண்மையான விலையை வீட்டுப் பெண்கள் கட்டுகிறார்கள். ஒரே ஊரில் அறை எடுத்துத் தங்கினால், காலையில் வெளியே சென்று நண்பகலில் அறைக்குத் திரும்பித் தொழுது, உண்டு, சற்று ஓய்ந்து, அஸருக்குப் பின் மீண்டும் கிளம்பலாம். நான் ஒரே ஊர் என்று வற்புறுத்துவதற்கு வேறு காரணமே இல்லாவிட்டாலும் இது ஒன்று போதும்.

மார்க்கம் முஸாஃபிருக்குத் தந்த சலுகைகள் இத்தகைய குறும்பயணத்துக்கு மிகவும் பொருந்துவன, ஆனால் அவற்றின் எல்லையைப் பலர் சரியாக அறிவதில்லை. ஷாஃபிஈ மத்ஹபின்படி, சென்ற நாளும் கிளம்பும் நாளும் நீங்கலாக, ஓர் ஊரில் நான்கு முழு நாட்கள் தங்க நிய்யத் வைத்தால் பயணி என்ற நிலை அங்கே முடிந்துவிடும். மூன்று முழு நாட்கள் என்றால் கஸர் செய்யலாம், லுஹரையும் அஸரையும், மஃரிபையும் இஷாவையும் சேர்த்துத் தொழலாம். எனவே, முதல் நாள் கண்டிக்கு வந்து ஐந்தாம் நாள் கிளம்பும் குடும்பம் முழுவதும் பயணியாகவே இருக்கிறது. ஒரு நாள் கூடினால் கணக்கு மாறும். ஹனஃபி மத்ஹபினருக்குப் பதினைந்து நாட்களுக்குக் குறைந்த தங்கல் எல்லாம் பயணமே, கஸர் அவர்களுக்குக் கட்டாயம். ஆனால் ஹஜ்ஜில் அரஃபாவிலும் முஸ்தலிஃபாவிலும் அன்றிச் சேர்த்துத் தொழும் வழக்கம் அவர்களிடம் இல்லை. ஒரே வேனில் இராமநாதபுரத்து ஷாஃபிஈ மருமகனும் மதுரை ஹனஃபி மாமனாரும் இருந்தால், நின்று தொழ வேண்டிய நேரங்களும் வேறுபடும். இதைப் புறப்படும் முன் பேசிக்கொள்ளுங்கள். லுஹரை அஸரோடு பிற்படுத்தித் தொழ எண்ணும் ஷாஃபிஈ, லுஹருடைய நேரம் முடிவதற்குள் அந்த நிய்யத்தை வைத்துவிட வேண்டும். வேனில் தூங்கி எழுந்து அஸரில் நினைவு வந்தால் அது வேறு கணக்கு. உள்ளூர் இமாமைப் பின்பற்றித் தொழுதால் நான்கு ரக்அத்தாக முழுமைப்படுத்த வேண்டும் என்பதில் இரு மத்ஹபுகளும் ஒன்று. இலங்கை முஸ்லிம்களில் பெரும்பாலோர் ஷாஃபிஈகள். ஐயமானவற்றைப் புறப்படும் முன்பே உங்கள் மஹல்லா ஆலிமிடம் கேட்டுத் தெளியலாம்.

மலைக்குளிர் தொடர்பாக ஒரு சிறு செய்தி. நுவரெலியாவில் ஃபஜ்ருக்குக் குழாய் நீர் பனிக்கட்டியைத் தொட்டது போலிருக்கும். உளூவோடு அணிந்த தோல் காலுறையின் மீது பயணி மூன்று பகல் மூன்று இரவு மஸ்ஹு செய்யலாம். நம் ஊர் வெயிலில் இந்தச் சட்டத்தை மதரஸாவில் படித்ததோடு சரி, பயன்படுத்தியவர் சிலரே. முதியவர்களுக்கு ஒரு சோடி வாங்கிச் செல்லலாம். கிப்லா, நம் ஊரைப் போலவே, மேற்கிலிருந்து சற்று வடக்கே சாய்ந்தது. நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் மஃரிப் ஆண்டு முழுவதும் ஏறத்தாழ மாலை 5.50க்கும் 6.35க்கும் இடையிலேயே வந்துவிடும். அதற்குப் பின் மலைப்பாதையில் வண்டி ஓடாதபடி நாளை அமைத்துக்கொள்வது உயிருக்கும் தொழுகைக்கும் ஒருசேர நல்லது.

ஒரு நாள் மேலே, தேயிலை மலைகளுக்குச் செல்லலாம். செல்லும்போது, அந்தப் பச்சைச் சரிவுகள் எவர் கைகளால் உண்டாயின என்பதை அறிந்து செல்ல வேண்டும். காப்பித் தோட்டங்களுக்காக 1820களிலிருந்தே நம் திருச்சி, மதுரை, சேலம், புதுக்கோட்டைப் பகுதிகளிலிருந்து மக்கள் கொண்டுசெல்லப்பட்டார்கள். மன்னார்க் கரையில் இறங்கி, காடுகளூடே மாத்தளை வரை நடந்தார்கள். வழியில் மடிந்தவர் ஏராளம். 1867 இல் கண்டிக்கு அருகே லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்டார். பின்னர் இலைநோய் காப்பியை அழிக்க, மலை முழுதும் தேயிலையாயிற்று. அந்த மக்களின் சந்ததியார்க்கு 1948 ஆம் ஆண்டுச் சட்டம் குடியுரிமையை மறுத்தது. 1964 ஒப்பந்தம் இலட்சக்கணக்கானோரை இந்தியாவுக்கு அனுப்ப வகைசெய்தது. எஞ்சிய நாடற்றோர் குடியுரிமை பெற 2003 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவர்கள் பேசும் தமிழில் நம் மாவட்டத்துச் சொற்கள் இன்னும் இருக்கின்றன. கொழுந்து பறிக்கும் அம்மாவைக் கேட்காமல் படமெடுத்து, அவருக்கு முன்னாலேயே சிரித்துவிட்டு வேனில் ஏறிச் செல்வது அழகன்று. நின்று இரண்டு சொல் பேசலாம். எந்த ஊர்ப் பூர்வீகம் என்று கேட்டால் போதும், அவரே பேசுவார்.

"மறுபடியும் எப்போது வரப்போகிறோம்? வந்தபோதே எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டாமா?" என்பார்கள். பணத்தைச் சிறுகச் சிறுகச் சேர்த்தவர் கேட்கும் நியாயமான கேள்விதான். என் பதில்: இலங்கை நமக்கு மறுபடி வர முடியாத நாடன்று. காலிக் கோட்டையும் எல்ல மலையிடுக்கும் அடுத்த முறைக்குக் காத்திருக்கும். மறுபடி வர இயலாதவர் குடும்பத்தில் ஒருவர் இருந்தால் அது மூத்தம்மாவாகத்தான் இருக்கும். அவருக்காகத்தான் வேகத்தைக் குறைக்கச் சொல்கிறேன். எட்டு இடங்களின் வாகன நிறுத்துமிடத்தைக் கண்டு திரும்புவது அவருக்கு எவ்வகையிலும் பயன்படாது.

நாள் குறிக்குமுன் பருவத்தைப் பாருங்கள். மே முதல் செப்டம்பர் வரை மேற்குச் சரிவுகளில் தென்மேற்குப் பருவமழை. அக்டோபர், நவம்பரில் பிற்பகல் இடிமழை. 2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா புயலின்போது கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் மலைகள் சரிந்தன. நாடெங்கும் நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். மலையக இருப்புப்பாதையும் பெரிதும் சேதமுற்றது. ஆகவே, அந்தப் புகழ்பெற்ற இரயில் நீங்கள் செல்லும் நாளில் எதுவரை ஓடுகிறது என்று விசாரித்த பின்னரே அதை நம்பித் திட்டமிடுங்கள். ஓடினாலும், கண்டியிலிருந்து எல்ல வரை ஏழு மணி நேரம் அமர்ந்து செல்லும் ஆசை குறும்பயணத்துக்குத் தகாது. நானுஓயா வரை போதும். பௌர்ணமி தோறும் போயா விடுமுறை. அன்று இறைச்சிக் கடைகள் மூடியிருக்கும். கண்டியில் முஸ்லிம் உணவகங்கள் தாராளம், மேலே செல்லச் செல்லக் குறையும். நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் இருக்கிறதே என்பார் சிலர். அது தீவின் வடமுனையில் இறக்கும். அங்கிருந்து கண்டி ஒரு முழுநாள் பயணம். யாழ்ப்பாணத்துக்கெனத் தனியே செல்லும்போது அதைப் பயன்படுத்தலாம்.

நடத்தையைப் பற்றி ஒரு சொல். 2018 மார்ச்சில் கண்டிக்கு அருகே திகன, தெல்தெனிய பகுதிகளில் முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் எரிக்கப்பட்டன. 2019 ஏப்ரல் 21 இல் தேவாலயங்களிலும் விடுதிகளிலும் நடந்த கொடூரக் குண்டுவெடிப்புகளுக்குப் பின், அதில் எந்தத் தொடர்பும் இல்லாத எளிய முஸ்லிம்கள் பல மாதங்கள் சந்தேகப் பார்வையைச் சுமந்தார்கள். நாம் ஐந்தாம் நாள் விமானம் ஏறிவிடுவோம். அவர்கள் அண்டை வீட்டாரோடு அங்கேயே வாழ வேண்டியவர்கள். புத்தர் சிலைக்கு முதுகு காட்டி நின்று படமெடுப்பது அங்கே பெரும் அவமதிப்பு. அப்படி ஓர் இளைஞர் செய்யும் குறும்பு, தொப்பியும் ஹிஜாபும் அணிந்த உள்ளூர்க் குடும்பத்தின் மீதுதான் கணக்கெழுதப்படும். தலதா மாளிகைக்குள் செல்வதா என்பதை அவரவர் தம் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளட்டும். ஏரியின் எதிர்க்கரையில் நின்று பார்த்தாலே அதன் அழகு தெரியும், பயணமும் குறைவுபடாது.

ஐந்தாம் நாள் காலையிலேயே கண்டியை விட்டு இறங்கிவிட்டால் லுஹருக்குக் கொழும்பு புறக்கோட்டையை அடையலாம். அங்கே 1909 இல் கட்டி முடிக்கப்பட்ட, செங்கல்லும் வெள்ளையும் மாறி மாறி வரும் சிவப்புப் பள்ளி நிற்கிறது. உள்ளூரார் அதைச் சம்மாங்கோடு பள்ளிவாசல் என்பர். நம் கரையிலிருந்து வணிகத்துக்குச் சென்ற முஸ்லிம்கள் எழுப்பியது அது. உங்கள் பாட்டனார் கொழும்பில் கடை வைத்திருந்தவர் என்றால், அவர் ஸஜ்தாச் செய்த தளம் அதுவாக இருக்கக் கூடும். பெண்கள் தொழ வசதி உண்டா என்று முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள். லுஹரையும் அஸரையும் சேர்த்துத் தொழுதுவிட்டு, கடைத்தெருவில் ஒரு சுற்று வந்து, நான்கு மணிக்குள் கிளம்பினால் இரவு விமானத்துக்கு நேரம் தாராளமாக இருக்கும்.